லைஃப் கோச்சா, தெரபியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், ஆனால் மனசு எதிலும் ஒட்டவில்லை. நாலு மாதமாக விடியற்காலை மூணு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவளுக்கு இப்போது வீட்டில் விளக்கேற்றக்கூடத் தோன்றுவதில்லை. என் தோழி ஜூமில் ஒரு ஸ்பிரிச்சுவல் லைஃப் கோச்சிடம் சேர்ந்து நன்றாகத் தெளிந்துவிட்டாள். 12 வாரத்துக்கு 36,000 ரூபாய். என்னையும் சேரச் சொல்கிறாள். தங்கையோ சைக்காலஜிஸ்டைப் பார் என்கிறாள். இரண்டும் பேசுவதுதானே, என்ன வித்தியாசம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது வித்தியாசத்தைப் பற்றி. ஆனால் அந்த மூணு மணி விழிப்பையும் ஆறு கிலோவையும் படித்த பிறகு என்னால் நேராக அதற்குள் போக முடியவில்லை. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், ஏனென்றால் தைராய்டு அதிகமானால் தூக்கமும் எடையும் போகும், குறைந்தால் ஆளையே சோர்வு அமுக்கிவிடும், இது தெரியாமல் மாதக்கணக்கில் மனசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். எதிலும் நாட்டமில்லாமை, தூக்கம் கெடுவது, பசி குறைவது எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது.

அப்பா போன துக்கம் ஒரு வருடத்தில் தீராது, தீரவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் துக்கம் வந்து வந்து போகும். அவர் சட்டையைப் பார்த்து அழுத அன்றே சாயங்காலம் பிள்ளை சொன்னதற்குச் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பு மாதக்கணக்கில் வரவே இல்லை, சாப்பாடு, பேச்சு, சாமி எல்லாம் ஒரே மாதிரி ருசியற்றுப் போய்விட்டது என்றால் அங்கே துக்கத்தோடு வேறொன்றும் சேர்ந்திருக்கலாம்.

விளக்கேற்றத் தோன்றாததையும் இதோடு வைத்துத்தான் பார்க்கிறேன். மனச்சோர்வு சினிமா பார்க்கும் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை, பக்தியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, உங்கள் ஆன்மா விழித்துக்கொள்கிறது, பழைய கர்மா கழிகிறது என்று சொன்னால் கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் நோய்க்கு அழகான ஒரு பெயர் கிடைத்துவிட்டால் சிகிச்சை அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். என் பயம் அதுதான்.

சரி, இப்போது வித்தியாசம். லைஃப் கோச்சின் வேலை, ஓரளவு திடமாக இருக்கிற ஒருவரிடம், நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள், எது தடுக்கிறது, இந்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு நடத்திச் செல்வது. அதில் ஸ்பிரிச்சுவல் சேர்ந்தால் தியானம், பிரார்த்தனை, நாட்குறிப்பு, வாழ்க்கையின் நோக்கம் என்று பேச்சு கொஞ்சம் ஆழமாகப் போகும், சிலர் கர்மா, சக்கரம், பிரபஞ்ச சக்தி என்றும் பேசுவார்கள். இதில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐ.சி.எஃப். என்பார்கள், பயிற்சி நேரத்தைக் கணக்கிட்டுத் தகுதிச் சான்று தருகிறது, ஒழுக்க விதிகளும் வைத்திருக்கிறது. அந்தச் சான்று இருப்பது நல்லதுதான், ஆனால் அது ஒரு சங்கம் தருவது, அரசு தருவதில்லை. வாரக் கடைசி வெபினாரில் உட்கார்ந்தவருக்கும் ஒரு சர்டிஃபிகேட் இருக்கும். சுவரில் மாட்டினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தெரபி, அதாவது பேச்சுவழி மனநல சிகிச்சை, வேறு. இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், 1992-ம் வருடச் சட்டப்படி அமைந்தது அது. அவரிடம் பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம், சங்கடப்பட வேண்டாம். அவர் மாத்திரை எழுத மாட்டார், பேச்சுவழி சிகிச்சை தருவார். மாத்திரை எழுதுவது சைக்யாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவமும் படித்தவர். தெரபியில் முதலில் என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பார்கள், நோயா இல்லையா, உயிருக்கு ஆபத்தான எண்ணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். கோச்சிங்கில் அந்தக் கட்டமே கிடையாது, ஏனென்றால் வருகிறவர் நலமாக இருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது. 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காப்பாற்றும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு கோச்சின் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் கதை 'மாற்றம் கண்டவர்கள்' வரிசையில் வந்தால் அந்தச் சட்டத்தைக் காட்டி நீங்கள் கேட்க முடியாது. (கவுன்சலர் என்ற போர்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். என்ன படித்தீர்கள் என்று அவரையும் கேளுங்கள்.)

சில வருடம் முன்பு ஒரு லைஃப் கோச்சே தன்னிடம் வந்த பெண்ணை என்னிடம் அழைத்து வந்தார். நாலாவது செஷனில் அந்தப் பெண், தூங்கி எழவே கூடாது என்று தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவர் அங்கேயே நிறுத்திவிட்டார், மீதிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது என் வேலை இல்லம்மா" என்றார் என்னிடம். அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சேருவதற்கு முன்னால் கோச்சிடம், "எப்போது என்னை வேறு ஆளிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் சேரலாம். அதற்குத் தேவையே வராது என்கிறவரிடம் சேராதீர்கள்.

இதனால் ஆன்மிகத்துக்கும் மருத்துவத்துக்கும் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர், சில வாரத் தங்கல். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. பயமில்லாத இடம், கூடவே தங்கும் சொந்தக்காரர், சிறு சிறு வேலைகள், அவ்வளவுதான் அங்கே. ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அந்த நம்பிக்கை அவர்களைக் கைவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சிகிச்சை கிடைக்க வேண்டியவர்களைப் பூட்டி வைத்தவர்கள்தான் கைவிட்டார்கள்.

உங்கள் தோழி தெளிந்தது உண்மையாகவே இருக்கும், அவளோடு வாதாட வேண்டாம். அவள் எந்த நிலையில் போய்ச் சேர்ந்தாள் என்பது நமக்குத் தெரியாது. நீங்கள் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ தனியார் மருத்துவரிடமோ போங்கள். தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு, அப்பா இல்லாத வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது என்று பேச ஒரு கோச் வேண்டும் என்று தோன்றினால் அப்போது சேருங்கள். இதற்கிடையில் செத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

கேள்வி: எனக்கு 26 வயது, பைபோலார், அதாவது மனசு மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்க்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த கோச், மாத்திரை என் எனர்ஜியை அடைக்கிறது, நிறுத்திவிட்டு பத்து நாள் மௌன முகாமுக்கு வா என்கிறார். போகலாமா?
- வாசகர், சென்னை

பதில்: வேண்டாம் தம்பி. மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமையே இல்லை. லித்தியம் போன்ற மருந்தைத் திடீரென்று விட்டால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். பைபோலாரில் தூக்கம் கெடுவதே பெரிய ஆபத்து, நீண்ட மௌனமும் மணிக்கணக்கான தியானமும் அதைக் கிளப்பிவிடக்கூடும். பொறுப்பாக நடத்தப்படும் பத்து நாள் முகாம்களில் விண்ணப்பத்திலேயே மனநல சிகிச்சை எடுக்கிறீர்களா என்று கேட்பார்கள், அதை மறைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். தியானம் பிடிக்கும் என்றால் உங்கள் டாக்டரிடமே சொல்லுங்கள், தினமும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று அவரே வழி சொல்வார். அந்தக் கோச்சிடம் இனி போகாதீர்கள்.

கேள்வி: ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் இனி எதற்காக எழுந்திருப்பது என்று காலையில் தோன்றுகிறது. கோச்சிடம் போவது வீண் செலவா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை டீச்சர், உங்களுக்கு அது பொருந்தலாம். முப்பது வருடம் மணி அடித்ததும் எழுந்த கால்கள் அவை, மணி நின்றுபோனால் அந்தத் தடுமாற்றம் வரத்தான் செய்யும். நல்ல கோச் உங்களுக்குத் தத்துவம் சொல்லமாட்டார், உங்களைப் பேசவிட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி ஏதோ ஒன்றை உங்கள் வாயாலேயே வரவைப்பார். ஆனால் அந்தக் காலை எண்ணம் நாளெல்லாம் நீடித்தாலோ, தூக்கம் கெட ஆரம்பித்தாலோ மேலே திருப்பூர் சகோதரிக்குச் சொன்னது உங்களுக்கும்தான். கட்டணத்தை மாதாமாதம் கொடுங்கள். இன்றைக்குள் ஒரு வருடப் பணம் கட்டினால் பாதி விலை என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.