தைப் பட்டம்: உப்பு ஏறுமுன் விதைப்பு – கேள்வி பதில்

உச்சிப்புளி: மார்கழிப் பனி இன்னும் விடலை. வெண்டை, கொத்தவரை இப்பவே ஊன்றலாமா, மாசி வரட்டுமா?

இப்பவே ஊன்றுங்கள். நம் ராமநாதபுரம் கடற்கரையில் தை மாதக் குளிர் விதையை ஒன்றும் செய்யாது. இங்கே முளையைக் கொல்வது உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவி அடியில் இறக்கியிருக்கும். வெயில் ஏற ஏற அடி ஈரம் மேலே வரும், உப்பும் கூடவே வரும். வேர் இறங்கிய செடி அதை ஓரளவு தாங்கும், முளை தாங்காது. அதனால் மாசி பத்துக்குள் விதைப்பை முடித்துவிடுங்கள்.

வெண்டை விதையை ராத்திரி முழுக்க நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் நிழலில் ஈரம் வடியவிட்டு, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு, குழிக்கு 2 விதை, 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். பத்தாம் நாள் நல்ல செடியை விட்டுவிட்டு மற்றதை நகத்தால் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் மணலில் பக்கத்துச் செடி வேரும் அசைந்துவிடும்.

தேவிபட்டினம்: பார் (மண் மேடு) கட்டி, உச்சியில வரிசையா 30 வெண்டை விதை ஊன்றினேன். 4 தான் முளைச்சது. விதை மோசமா?

உச்சியில் ஊன்றியதுதான் கோளாறு. இரண்டு பக்கச் சாலிலும் (பள்ளத்திலும்) பாயும் தண்ணீர் பாருக்குள் ஊறி உச்சிக்கு ஏறி, அங்கே ஆவியாகிறது. தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். நாலாம் நாள் காலையில் குனிந்து பாருங்கள்: உச்சியில் மட்டும் மெல்லிய வெள்ளைப் பூப்பு இருக்கும், தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதைக் கிளறினால் விதை ஊதியிருக்கும், வேர் நுனி மட்டும் பழுப்பாகக் கருகியிருக்கும்.

சாலில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, பாரின் சரிவில் ஊன்றுங்கள். முதல் பத்து நாள் மழைத் தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ பூவாளியில் விடுங்கள். அதன் பிறகு கிணற்றுத் தண்ணீர் போதும்.

விதைமேல் சந்தேகம் இருந்தால் 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். ஆறு நாளில் 14 முளைத்தால் விதை நல்ல விதை.

கீழக்கரை: காக்கா (அண்ணே), எங்க கிணத்துத் தண்ணியில இ.சி. 3 காட்டுது. என்ன போடலாம்?

இ.சி. என்பது தண்ணீரிலோ மண்ணிலோ கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் எண். தண்ணீரில் 3 என்றால், வடிகால் சுமாரான மண்ணில் அது 4.5 அளவுக்குப் போய் நிற்கும். மண்ணின் இ.சி. எந்த அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையும் என்பதற்குக் கணக்கு உண்டு: கொத்தவரை 8.8, தட்டைப்பயறு 4.9, தக்காளி 2.5, மிளகாய் 1.5, வெங்காயம் 1.2, கத்தரி 1.1, கேரட் 1. உங்களுக்குக் கொத்தவரையும் தட்டைப்பயறும்தான். தக்காளி காய்க்கும், குறைவாகக் காய்க்கும். மிளகாய் வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் புரட்டாசியில் விதைத்து மழையை நம்பி வருவது. உப்புக் கிணற்றை வைத்து அதைத் தையில் இழுக்க முடியாது.

பெரியபட்டினம்: உப்பு மண்ணுக்கு ஜிப்சம் போட்டா போதும்னு உரக்கடையில சொல்றாங்களே?

உங்கள் மண் உவரா, களரா? உவர் என்றால் கரையும் உப்பு மிகுதி: இ.சி. 4-க்கு மேல், கார அமில நிலை (pH) 8.5-க்குக் கீழ். களர் என்றால் மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு இறுகிக் கிடக்கும்: கார அமில நிலை 8.5-க்கு மேல். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து அந்தச் சோடியத்தைத் தள்ளிவிடும். ஆக அது களருக்கு மருந்து. உவருக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்.

பெரியபட்டினம்: பக்கத்துத் தோட்டத்துல போட்டு நல்லா வந்திருக்கே!

போட்ட பிறகு மழை பெய்ததா? பெய்திருந்தால் உப்பைக் கழுவியது மழை. ஜிப்சமே ஒரு உப்பு. வெறும் உவர் மணலில் போட்டுத் தண்ணீர் கட்டாமல் விட்டால் இ.சி. கூடும்.

சாயல்குடி: அப்படிச் சொல்லாதீங்கண்ணே. எங்க மண் கெட்டிக் களிமண். ஜிப்சம் போட்டுத்தான் தண்ணி இறங்குது.

உங்களுக்கு அது சரி. தண்ணீர் தேங்கி, காய்ந்தால் பாளமாக வெடிக்கும் மண்ணில் களர்த் தன்மை இருக்கலாம். பெரியபட்டினத்து மணலுக்கு அதே மருந்து கிடையாது. இரண்டு பேருமே மண்ணைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை வாங்குங்கள். அதற்குமுன் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

தொண்டி: கொத்தவரை முளைக்கலை, என்ன காரணம்?

பாரின் உச்சியா? தேவிபட்டினத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஏர்வாடி: எனக்கும் பாகல் முளைக்கவே இல்லை.

எங்கே ஊன்றினீர்கள், எவ்வளவு ஆழம், எந்தத் தண்ணீர்? இந்த மூன்றும் இல்லாமல் இனி யார் கேட்டாலும் பதில் சொல்ல வழியில்லை. பாகலுக்கு மட்டும் ஒன்று: தோல் கெட்டி. விதையின் கூர்நுனியை நகவெட்டியால் லேசாக நறுக்கி ஒரு ராத்திரி ஊற வையுங்கள். முளைக்கப் பத்து நாள்கூட ஆகும். அதற்குள் தோண்டிப் பார்க்காதீர்கள்.

பாம்பன்: தக்காளி நாற்றுக்குத் தென்னை நார்க் கழிவு போடலாமா?

கழுவிய பிறகு. உப்பங்கழியில் ஊறிய மட்டையின் கழிவில் உப்பு ஏறியிருக்கும். வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி, கரிப்பு போகும்வரை மூன்று நாலு முறை பிழியுங்கள். கரையில் ஒதுங்கும் கடல்பாசிக்கும் இதே முறைதான்.

மண்டபம்: கீரை விதையை எறும்பு தூக்கிட்டுப் போகுது.

விதையை நாலு கை மணலோடு கலந்து தூவி, மேலே மண் தள்ளி மூடுங்கள். பாத்தி ஓரத்தில் அரிசி நொய் போட்டால் எறும்பு அங்கே போகும்.

டொராண்டோ (ஊர் பனைக்குளம்): இங்க பனி உருகுது. வெளியில என்ன விதைக்கலாம்?

உங்கள் கணக்கு வேறு. மண் 5 முதல் 7 டிகிரிக்கு வந்தால் பட்டாணி, பசலை (ஸ்பினாச்), முள்ளங்கி போடலாம். வெண்டைக்கு 16 டிகிரியாவது வேண்டும், அதற்குக் கீழே விதை அழுகும். மிச்சத்தை உங்கள் ஊர்த் தோட்டக்காரர்களிடம் கேளுங்கள்.

திருப்பாலைக்குடி: நேத்து லேசாத் தூறுச்சு. இன்னிக்கித் தண்ணி விடணுமா?

விட வேண்டும், இன்றைக்கே. மேலே பூத்த உப்பைத் தூறல் கரைத்து நேரே வேர் இருக்கும் இடத்துக்கு இறக்கிவிடும், வேருக்குக் கீழே தள்ளத் தூறலுக்குப் பலம் இல்லை. வழக்கமாக விடும் அளவுக்கு ஒன்றரைப் பங்கு நல்ல தண்ணீர் விட்டு வேரைத் தாண்டிக் கீழே தள்ளுங்கள். வெயில் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம்.