பதக்கம் பெறும் மாணவியை மேடையில் எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியையாகப் பணிபுரிகிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பட்டமளிப்பு விழாவில், பாடவாரியாக முதலிடம் பெற்ற 34 பேருக்குப் பதக்கம் வழங்கும் பகுதி என் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். ‘கட்டடத் தொழிலாளியின் மகள்’, ‘குடும்பத்தின் முதல் பட்டதாரி’ என்று ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி வாசித்தால் அரங்கமே நெகிழும் என்று எண்ணிக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன். வேதியியலில் முதலிடம் பெற்ற மாணவி என்னிடம் தனியாக வந்து, “மேம், எங்க அப்பாவைப் பத்தி மேடையில எதுவும் வாசிக்காதீங்க” என்று கேட்டுக்கொண்டாள். நல்ல எண்ணத்தோடுதானே செய்கிறோம் என்று எனக்குச் சற்று வருத்தம். இதற்கிடையில், பெற்றோரையும் மேடையேற்றலாம் என்று சக பேராசிரியர்கள் சொல்கிறார்கள். முதல்வரோ எல்லாவற்றையும் 15 நிமிடங்களில் முடிக்கச் சொல்கிறார். எது முறை?
— வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: அன்புள்ள பேராசிரியைக்கு,

அந்த மாணவி கேட்டுக்கொண்டதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். அதோடு, மற்ற 33 பேருக்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவள் வாய்திறந்து சொல்லிவிட்டாள். சொல்லத் துணியாத இன்னும் சிலர் அந்தப் பட்டியலில் நிச்சயம் இருப்பார்கள். மதிப்பெண் போடும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது, படிப்பு முடிந்த பிறகும் நம் பிள்ளைகளுக்கு எளிதில் வருவதில்லை.

உங்கள் நோக்கத்தில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்புகளில் உள்ள செய்திகள் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தன என்று யோசித்துப் பாருங்கள். சேர்க்கையின்போது கொடுத்த வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், 2022-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியதிலிருந்து அதன் பயனாளிகள் பட்டியல் என்று, ஒரு மாணவியின் வீட்டு நிலைமை முழுவதும் கல்லூரி அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது. கட்டணச் சலுகைக்காகவும் உதவித்தொகைக்காகவும் ஒப்படைத்த தாள்கள் அவை. அவற்றில் இருப்பதை ஆயிரம் பேர் கூடிய அரங்கில் ஒலிபெருக்கியில் வாசிக்க அந்தக் குடும்பம் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. தந்தையின் தொழிலைப் பெருமையோடு சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்தத் தொழிலின் பெயராலேயே பள்ளியில் கேலிக்கு ஆளாகி, கல்லூரியில் மூன்று ஆண்டுகள் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்த பிள்ளைகளும் உண்டு. இருவரில் யார் எவர் என்பது கோப்பைப் பார்த்தால் தெரியாது.

கட்டடத் தொழிலாளியின் மகள் என்று வாசித்ததும் கைதட்டல் எழும் என்பது உண்மைதான். அந்தக் கைதட்டல் எதற்கு என்பதுதான் என் கேள்வி. வேதியியலில் மூன்று ஆண்டுகளாக ஆறு பருவத் தேர்வுகளிலும் ஒரு தாள்கூடத் தவறாமல் தேறி, அந்த வகுப்பிலேயே முதலாவதாக வந்த ஒருத்தியை, அவள் கற்ற வேதியியலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டு நிலைமையை மட்டும் சொல்லி அனுப்பினால், இப்படிப்பட்ட வீட்டிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது என்ற வியப்பு அந்தப் பாராட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. கூர்மையான பிள்ளைகளுக்கு அது உடனே உறைத்துவிடும். பேராசிரியரின் மகன் முதலிடம் பெற்றால் ‘பேராசிரியரின் மகன்’ என்று மேடையில் நாம் வாசிப்பதில்லை அல்லவா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே படித்துவந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பைக் கடந்து, மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பதக்கங்களோடு 1912-ல் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய தாய் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டம் பெற்ற நாளில் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு அதை மேடையில் அறிவித்திருந்தால், அரங்கத்தின் கண்கள் அவருடைய பதக்கத்தில் நின்றிருக்குமா, பிறப்பில் நின்றிருக்குமா? பிற்காலத்தில் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாக நிறைவேறியது. எதை, எப்போது, எந்த மேடையில் பேசுவது என்று அவரே முடிவுசெய்தார். உங்கள் வேதியியல் மாணவிக்கும் அந்த உரிமை இருக்கட்டும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. உங்கள் குறிப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, 34 பேருக்கும் அரைப்பக்கத் தாள் ஒன்றை அனுப்புங்கள். ‘உங்களைப் பற்றி மேடையில் என்ன வாசிக்க வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதித் தாருங்கள், பெயரும் பாடமும் மட்டும் போதும் என்றாலும் சரி’ என்று அதில் இருக்கட்டும். ‘உங்கள் தந்தையின் தொழிலைச் சொல்லலாமா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் தயங்கித் தயங்கித் தலையாட்டிவிடுவார்கள். ‘பூ கட்டி விற்று என்னைப் படிக்கவைத்த அம்மாவுக்கு இந்தப் பதக்கம்’ என்று ஒருத்தி தானே எழுதிக் கொடுத்தால், ஓர் எழுத்தும் மாற்றாமல் அதை வாசியுங்கள். அது அவள் சொல். அரங்கம் நெகிழ்ந்தால் நெகிழட்டும்.

எழுதத் தெரியாமல் விழிப்பவர்களுக்கு நீங்கள் உதவலாம். முதுகலை மாணவர்கள் என்றால் ஆய்வேட்டின் தலைப்பு இருக்கும். அதைத் தமிழில் எளிமையாக ஒரு வரியில் சொல்லுங்கள்: ‘தம் ஊர்க் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று ஓராண்டு அளந்தவர்’ என்பதுபோல. மகள் இரண்டு ஆண்டுகளாக ஆய்வகத்தில் என்ன செய்தாள் என்பது பல பெற்றோருக்கு அன்றுதான் முதன்முதலாகப் புரியும். இளங்கலை மாணவர்களிடம் எந்தத் தாள் பிடித்தது, எதில் திணறி மீண்டார்கள், அடுத்து என்ன படிக்கப்போகிறார்கள் என்று கேட்டாலே இரண்டு வரி கிடைத்துவிடும். ஒரே வகை மாணவரை மட்டும் சிறந்தவர் என்று கொள்ளாமல் இருப்பதும் நல்லது. சென்னை ஐஐடி பட்டமளிப்பு விழாவில் மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்குக் குடியரசுத் தலைவர் பரிசு ஒன்றும், படிப்போடு பிற துறைகளிலும் சிறந்து விளங்கியவருக்கு ஆளுநர் பரிசு ஒன்றும் தனித்தனியாக வழங்குகிறார்கள். அடுத்த ஆண்டாவது உங்கள் கல்லூரியில் அப்படியொரு பதக்கத்தை ஏற்படுத்த முடியுமா என்று முதல்வரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி நேரம். 15 நிமிடங்கள் என்றால் தலைக்கு 26 விநாடி. பெயரை அழைத்து, அவர் படியேறி, பதக்கம் வாங்கி, புகைப்படத்துக்குத் திரும்பி, இறங்குவதற்குள் அது தீர்ந்துவிடும். இரண்டு வரி வாசிக்க இடமே இல்லை. தலைக்கு 45 விநாடி கிடைத்தால் மொத்தம் 26 நிமிடங்களுக்குள் முடித்துவிடலாம். அந்தக் கூடுதல் 11 நிமிடங்களை எங்கிருந்து எடுப்பது என்று முதல்வர் கேட்பார். வரவேற்புரையில் மேடையில் அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் சால்வை அணிவிப்பதை நிறுத்தினாலே பாதி கிடைத்துவிடும். மீதியைப் பதக்கங்களின் பெயர்களிலிருந்து எடுக்கலாம். ‘அன்னாரின் நினைவாக அவர்தம் குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளைத் தங்கப் பதக்கம்’ என்று அறிவிப்பாளர் நீட்டி முழக்கி முடிப்பதற்குள் மாணவி மேடையின் நடுவுக்கு வந்துவிடுகிறாள். அவள் பெயர் நாதஸ்வர இசைக்குள் முழுகிவிடுகிறது. கொடையாளரின் பெயர் பதக்கத்திலும் விழா மலரிலும் முழுமையாக இருக்கட்டும். மேடையில் முதலில் மாணவியின் பெயர், பிறகு பாடம், பிறகு அவள் எழுதிய இரண்டு வரி, கடைசியில் அறக்கட்டளையின் பெயர் சுருக்கமாக. கொடையாளர் குடும்பத்தினர் வருத்தப்படுவார்கள் என்று அஞ்சினால், அவர்களில் ஒருவரை அழைத்து முன்வரிசையில் அமர்த்திப் பதக்கத்தை அவர் கையாலேயே வழங்கச் செய்யுங்கள்.

முதல்வர் இதற்கு இசைவதில் விதிமுறைத் தடை பெரிதாக இராது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா என்றால் வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர் என்று ஒவ்வொரு அசைவுக்கும் மரபு உண்டு. ஆளுநர் வேந்தராக இருந்து நேரில் வழங்குவதும் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுவோருக்கும் தரவரிசை பெற்றோருக்கும்தான். தன்னாட்சிக் கல்லூரியில் பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது என்றாலும், மேடையும் நிகழ்ச்சி வரிசையும் உங்களுடையவை. 1857-ல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் மட்டுமே. ஓர் அரங்கம் இருவருக்காகக் காத்திருப்பது எளிது. இன்று ஒரு கல்லூரியிலேயே ஆயிரம் பேர் அங்கி அணிந்து வரிசையில் நிற்கிறார்கள் என்பதால் அவசரம் புரிகிறது. அப்படியானால் பதக்கப் பகுதியைச் சிறப்பு விருந்தினரின் உரைக்கு முன்னால் வையுங்கள். உரை நீண்டுவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பதுதான் எப்போதும் வெட்டுப்படுகிறது.

பெற்றோரை மேடையேற்றும் யோசனை எனக்கு உடன்பாடாக இல்லை. 34 பேரில் ஒருவருக்குத் தாய் தந்தை இருவருமே இல்லாமல் இருக்கலாம்; ஒருவருடைய தந்தை வெளிநாட்டில் இருக்கலாம்; ஒருவருடைய பெற்றோர் பிரிந்து வாழலாம். மற்றவர்கள் இருபுறமும் பெற்றோர் சூழ நிற்கும் மேடையில் அந்த மூவரும் தனியாக நிற்க வேண்டிவரும். அதற்குப் பதிலாக, பதக்கம் பெறும் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இருவரின் பெயரைக் கொடுக்கட்டும். பாட்டியோ, அண்ணனோ, பள்ளி ஆசிரியரோ, விடுதிக் காப்பாளரோ, யாராக இருந்தாலும் கேள்வி கேட்காமல் அந்த இருவருக்கும் முன்வரிசை இருக்கை கொடுங்கள். இப்போது பல கல்லூரிகளில் முன்வரிசைகளை ஆட்சிக்குழுவினரும் அவர்களின் உறவினரும் நிரப்பிவிட, பெற்றோர் மாடத்திலிருந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எந்தத் தொப்பி தம் மகளுடையது என்று தேடுகிறார்கள். அதை மாற்றினாலே போதும், மேடையேற்றத் தேவை இருக்காது.

தரவரிசைக்குரிய விதியை விழா மலரில் அச்சிட்டுவிடுங்கள். எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியில், உரிய காலத்துக்குள் முடித்தவர்களுக்கு மட்டும்தான் பதக்கம் என்ற விதி உங்கள் கல்லூரியிலும் இருந்தால், உடல்நலக் குறைவால் ஒரு தேர்வைத் தவறவிட்டுக் கூடுதல் மதிப்பெண் பெற்றவரின் பெற்றோர் விழா நாளன்று உங்களிடம் வந்து நியாயம் கேட்பார்கள். விழாத் தேதியையும் இன்றே எல்லோருக்கும் தெரிவித்துவிடுங்கள். தேர்ச்சிக்குரிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஆனால் அதற்குள்ளாகவே பலர் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள், ஒரு நாள் விடுப்புக்கே கையேந்த வேண்டிய நிலை. கல்லூரி முகப்பில் பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். 2019-ல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்த பிறகும் அந்த ஆசை நம்மை விடவில்லை. பழைய கல்லூரிகளின் தாழ்வாரங்களில் ஆண்டுவாரியாக முதலிடம் பெற்றோரின் பெயர்களைத் தாங்கிய மரப்பலகைகள் இருக்கும்; உங்கள் கல்லூரியில் அப்படியொன்று பாதியில் நின்றிருந்தால் விட்ட ஆண்டிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

செய்தியாளர்கள் வருவார்கள், தந்தை என்ன செய்கிறார் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் மாணவியின் விருப்பம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கல்லூரி அனுப்பும் செய்திக்குறிப்பில் பெயர், பாடம், தரவரிசையில் பெற்ற இடம் ஆகியவை மட்டும் இருக்கட்டும்.

அந்த மாணவியிடம் இனி நீங்கள் விளக்கம் எதுவும் கேட்க வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது அரைப்பக்கத் தாளை மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே அவளுக்கும் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே நிகழ்ச்சி வரிசையில் முதல்வரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அச்சான பிறகு 11 நிமிடங்களை யாரும் தரமாட்டார்கள்.