மொன்றியல் நிதிக்குத் தனி ஆள் விண்ணப்பம் எடுபடாது

உங்கட குருநகர் மீன் குளிரறைக்கு, ஓசோன் படலத்தை அரிக்கிற காஸுகளைக் குறைக்க நாடுகளுக்கு உதவுற மொன்றியல் பலதரப்பு நிதியிடம் நேரே காசு கேட்டதாலதான் கடிதம் திரும்பி வந்திருக்கு. அந்த நிதி தனி ஆளுக்கோ கொம்பனிக்கோ நேரே குடுக்காது. நாடுதான் திட்டம் போட்டுக் கேட்கவேணும். இலங்கையில அந்த வேலை சுற்றாடல் அமைச்சின்ர தேசிய ஓசோன் அலகுக்கு. அங்க எழுதுங்கோ.

இன்னொரு சிக்கல், நீங்கள் கேட்டது புது மெசின். குளிரூட்டி திருத்துற பராமரிப்புத் துறைக்கு வாற பங்கு பெரும்பாலும் மெக்கானிக்மாருக்குப் பயிற்சி, காஸை மீட்கிற கருவி எண்டுதான் போகும். அதைக் கேட்டால் வாய்ப்புக் கூட.

எழுத முதல், உங்கட மெசினில என்ன காஸ் எண்டு கொம்பிரசர் தகட்டைத் துடைச்சுப் பாருங்கோ. உப்புக்காத்தில எழுத்து அரிச்சிருந்தால், கடைசியா காஸ் அடிச்ச பில்லைத் தேடுங்கோ. ஆர்-22 எண்டால் அது ஓசோனைத் தின்னுற காஸ், இந்தத் திட்டத்தில கேட்கிறது சரி: எங்கட மாதிரி நாடுகள் 2030 இல அந்த வகைக் காஸை 97.5 வீதம் குறைக்கவேணும். ஆர்-404ஏ எண்டால் அது ஓசோனைத் தின்னாது, பூமியின்ர சூட்டைத்தான் கூட்டும். அது மொன்றியல் உடன்படிக்கைக்கு 2016 இல வந்த கிகாலித் திருத்தத்தின்ர கணக்கு, வேற திட்டம்.

ஒண்டு கவனம். மலிவு எண்டு ஆர்-22 மெசினுக்குள்ள ஆர்-290 அடிச்சுத் தாறன் எண்டு ஆரும் வந்தால் விடாதேங்கோ. அது புரொப்பேன். பூட்டின அறைக்குள்ள கசிஞ்சால் ஒரு பொறி காணும்.