ஓடி முடித்த பிறகு வரும் இருமல்

கேள்வி: எனக்கு 34 வயது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இழுப்பு வந்தால் அடிக்கும் நீல பம்ப் மட்டும் வைத்திருக்கிறேன். மகளின் தமிழ்ப்பள்ளி நவம்பரில் நடத்தும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்து தோட்டத்துச் செம்மண் சாலையில் பழகுகிறேன். ஓடும்போது சமாளித்துவிடுகிறேன், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் நெஞ்சு இறுகி இருமல் பிடிக்கிறது, அரை மணி நேரம் விடுவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று இரவு இருமி எழுந்துவிடுகிறேன். “இழுப்புக்காரிக்கு ஓட்டம் எதுக்கு?” என்கிறார் அம்மா. ஓடலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஓடலாம், சகோதரி. ஆனால் இப்போதே வேண்டாம்.

ஓட்டத்தைவிட எங்களுக்குக் கவலை தருவது அந்த இரவு இருமல்தான். தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு இருமல் வந்தால் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியே இருக்கிறது என்று பொருள். நீல பம்ப், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில மணி நேரம் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. பெரியவர்கள் நீல பம்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பாருங்கள். எங்களுக்கு எழுதியதை அப்படியே சொல்லி, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு பம்ப் தேவையா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள்: சிறிய அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை நடை போதும்.

சப்பாத்தைக் கழற்றும்போது ஏன் வருகிறது? ஓடும்போது வாயால் நிறையக் காற்றை இழுக்கிறோம். குழாயின் ஈரம் வற்றுகிறது. அந்த எரிச்சலில் தசை சுருங்குகிறது. ஓட்டத்தை நிறுத்திய 5 முதல் 10 நிமிடத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். சாதாரண மூச்சு வாங்கல், ஓட்டம் நின்றதும் இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்துவிடும். ஆஸ்துமாவோ நின்ற பிறகுதான் ஏறும். இந்த வித்தியாசத்தை அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

டாக்டர் சம்மதித்தால், ஓடுவதற்கு 15 நிமிடம் முன்பு நீல பம்ப் இரண்டு அடி. (சிலருக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஒரே பம்ப் தருவார்கள், அப்போது முறை வேறு.) பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்பின் வாயில் மாட்டும் குழாய்) ஒரு அடி, மெதுவாக ஒரே இழுப்பு, 10 விநாடி மூச்சைப் பிடியுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த அடி. இரண்டையும் ஒன்றாக அடித்தால் நுரையீரலுக்குப் போகும் மருந்து குறைந்துவிடும். பம்பை மோட்டார் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடு அதற்கு ஆகாது.

பிறகு 10 நிமிடம் வேக நடை, நடுவில் மூன்று நான்கு முறை 20 விநாடி சுறுசுறுப்பான ஓட்டம். இந்தச் சூடேற்றம் பலருக்குப் பின்னால் வரும் இறுக்கத்தைக் குறைக்கிறது, இதை விட்டுவிடாதீர்கள். அதன்பின் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஏழு முறை. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போதே வீட்டு விலாசத்தைத் திக்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். இரண்டு வாரம் இருமல் இல்லாமல் போனால் ஓட்டத்தை 2 நிமிடமாக்குங்கள். முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் 10 நிமிடம் நடந்து தணியுங்கள்.

செம்மண் சாலையை விடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் எழும் புழுதி அடங்க நேரமாகும். செம்பனைக்கு மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். பள்ளித் திடல் போதும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள். குறியீடு நன்றாக இருந்தும் பக்கத்து வீட்டில் குப்பை எரிகிறதென்றால் மூக்கை நம்புங்கள். சளிக் காய்ச்சல் நாளில் ஓய்வு.

கால் வலிக்குக் கடையில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வாங்காதீர்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அவை இழுப்பைக் கிளப்பிவிடும்.

ஓடும்போது நெஞ்சு இறுகினால் நின்று, நிமிர்ந்து உட்காருங்கள். படுக்கக் கூடாது. அரை நிமிடத்துக்கு ஓர் அடியாக நீல பம்ப், அதிகபட்சம் 10 அடி. தணியாவிட்டாலோ, பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 999. தணிந்தாலும் அன்று ஓட்டம் முடிந்தது.

நவம்பருக்குள் 5 கிலோமீட்டரை ஒரே ஓட்டமாக ஓட முடியாவிட்டால் நடந்தும் ஓடியும் முடியுங்கள். அன்றைக்குப் பம்பை மகளிடம் கொடுத்து முடிவுக் கோட்டில் நிற்கச் சொல்லாதீர்கள். அது உங்கள் இடுப்புப் பையில் இருக்கட்டும்.