வீட்டு மில்லிங் மெஷினில் லேசர் பொருத்தலாமா?

மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் இருக்கும், கணினி சொல்படி பலகையைக் குடையும் சிஎன்சி மில்லிங் மெஷினில், தேக்குப் பலகையில் பெயர் பொறிக்க லேசரும் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம். மெஷினின் கட்டுப்பாட்டு போர்டில் அதை இயக்கும் மென்பொருளாக ஜிஆர்பிஎல் 1.1 இருந்தால் வேலை சுலபம். லேசரின் சிக்னல் ஒயரை போர்டின் பிடபிள்யூஎம் முனையில் (பவரைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல் வரும் இடம்) கொடுங்கள், மோட்டாருக்குப் போகும் 24 வோல்ட் ஒயரில் அல்ல. ஜிஆர்பிஎல்லில் லேசர் முறைக்கான அமைப்பை $32=1 என்று மாற்றி, எம்4 கட்டளையில் ஓட்டுங்கள்; மூலையில் வேகம் குறையும்போது பவரும் தானாகக் குறையும், எழுத்தின் ஓரம் கருகாது. மறுபடி மில்லிங் செய்யுமுன் $32=0 என்று திருப்பிவிடுங்கள்.

அப்புறம், கண். 450 நானோமீட்டர் நீல லேசர் பலகையில் பட்டுச் சிதறினால்கூட விழித்திரையைக் கெடுக்கலாம். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பிள்ளைகள் ஓடிவரும் மாடி என்றால் மெஷினைச் சுற்றிப் பெட்டியே அடித்துவிடுங்கள். பிவிசி ஷீட்டை ஒருபோதும் சுடாதீர்கள். அதில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும்.