ஷென்ஜென் சந்தில் ஒரு பிஸ்கட் டப்பா
(வாசகர் கேள்வி – பதில்)

மகன் வேலை பார்க்கும் சீன நகரம் ஷென்ஜெனிலும், பிறகு ஷாங்காயிலுமாக 17 நாட்கள் இருந்துவிட்டு வந்தேன் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இடம் உள்ளவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சீனாவில் நோட்டு, சில்லறையை யாரும் தொடுவதே இல்லையாமே? எல்லாம் கைபேசிதானா? – வாசகர், திருவல்லிக்கேணி

பெரும்பாலும் அப்படித்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கும் தள்ளுவண்டியில்கூட இரண்டு அட்டைகள் தொங்குகின்றன. நீலம் அலிபே, பச்சை வீசாட்; இரண்டும் கைபேசியில் பணம் கட்டும் செயலிகள். நமக்கு இது புதிதல்ல. மயிலாப்பூர் மாட வீதியில் கீரை விற்பவரிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது. ஆனால் நம்முடைய யுபிஐ 2016-இல் வந்தது, அலிபே 2004-இலேயே தொடங்கிவிட்டது. அவர்களுக்குப் பழக்கம் ஊறிப்போய்விட்டது.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்கிறேன். மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பவில்லை. குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் சந்தில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டேன். 18 யுவான். கொடுக்கலாம் என்று கைபேசியை எடுத்தால், அது அணைந்து கிடக்கிறது. கடை வாசலிலேயே பவர் பேங்க் வாடகைக்கு விடும் பெட்டி இருந்தது. அதை எடுக்கவும் கியூஆரைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்! பையில் ஒரு 50 யுவான் நோட்டு இருந்தது. கல்லாவில் இருந்த பெண் அதைப் பார்த்துக் கையை விரித்தாள். சில்லறை இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. மொழி தெரியாத ஊரில், சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்க முடியாமல் நிற்பது எவ்வளவு கூச்சம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் பாட்டி வந்தார். மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவை இறக்கினார். என் நோட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பத்து, பத்து, பத்து என்று மூன்று தாள்கள், மேலே இரண்டு ஒற்றை யுவான் நாணயங்கள். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடிவிட்டார். அரிசிப் பானைக்குள் சில்லறை முடிந்து வைக்கும் என் அம்மாவின் கை அப்படியே இருந்தது.

கொடுக்கும் பணத்தாளை மறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதை அவர்களுடைய மத்திய வங்கி பலமுறை நினைவூட்டியிருக்கிறது. 2020 நவம்பரில் சீன அரசு முதியவர்களுக்கென்றே ஒரு திட்டம் வெளியிட்டது: மருத்துவமனை, பேருந்து, கட்டணம் செலுத்துமிடம் எதுவானாலும் கைபேசி இல்லாத வழியையும் வைத்திருக்க வேண்டும் என்று. சென்ற ஆண்டு நம் ஊரில் ஒரு பரிசோதனை நிலையத்தில், ரொக்கம் வாங்குவதில்லை என்று சொல்லி என் அண்ணியை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவருக்கு வயது 74. சீனாவிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால், முதலில் அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: குவாங்சோ கண்காட்சிக்குப் போகிறேன். முதல் பயணம். என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்? – மின்னணுப் பொருள் வியாபாரி, ரிச்சி தெரு

தம்பி, முதல் வேலையாக உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு தரப்படும் அட்டைகளில் அது மூடியே வருகிறது. விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அலிபேயில் இணைக்கலாம். 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிக்கிறார்கள். அட்டையை இணைக்கும்போது ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் ரோமிங் அவசியம். இன்னொரு பயனும் உண்டு: விடுதி வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்கவில்லை, என் இந்திய சிம்மின் ரோமிங்கில் திறந்தன.

ஒரு நாள் மிச்சம் வைத்து ஷென்ஜெனின் ஹுவாச்சியாங்பெய் சந்தைக்குப் போய் வாருங்கள். அதிவேக ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல். கடவுச்சீட்டுதான் டிக்கெட், தாள் எதுவும் தர மாட்டார்கள். உங்கள் ரிச்சி தெருவை மாடி மாடியாக அடுக்கியது போன்ற இடம் அது. ஓர் ஆள் உட்காரும் அகலமுள்ள கடையில், ஒரு பெண் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி கைபேசியின் சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. வெகுநேரம் நின்று பார்த்தேன்.

கேள்வி: சைவம் கிடைக்குமா? – வாசகி, நங்கநல்லூர்

கிடைக்கும். "வோ ச்சி சு" என்றால் நான் சைவம் என்று பொருள். ஆனாலும் காய்கறி நூடுல்ஸின் சாறு எலும்பில் கொதித்ததாக இருக்கக்கூடும், கேட்டுவிடுங்கள். புத்தர் கோயில்களை ஒட்டிய உணவகங்களை நம்பலாம். ஷாங்காய் யூஃபோ கோயிலில் காளான் நூடுல்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: எங்கள் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஷென்ஜெனில் எல்லாமே மின்சாரம்தானாமே? – வாசகர், வியாசர்பாடி

ஆமாம். 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மாற்றிவிட்டார்கள். உலகிலேயே அப்படி முழுமையாக மாற்றிய முதல் பெருநகரம் அதுதான். அரசு மானியம் கொட்டிக் கொடுத்தது. பேருந்து செய்யும் பிஒய்டி நிறுவனமும் அதே ஊர். நிறுத்தத்தில் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் மெல்லப் பேசியது எனக்குக் கேட்டது. பேருந்து வந்தது கேட்கவில்லை.

இங்கே 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடியிலிருந்து 120 பேருந்துகளோடு தொடங்கியிருக்கிறோம். அவற்றில் தளம் தாழ்வாக இருப்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முழங்கால் தேய்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கேள்வி: முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறதாமே. பயமாக இல்லையா? – கல்லூரி மாணவி, தாம்பரம்

மகனின் குடியிருப்பில் அப்படித்தான். என் முகத்தைப் பதிய வேண்டாம் என்றேன், காவலர் மறுபேச்சில்லாமல் ஒரு அட்டை தந்தார். சீனர்களும் இதை வாய்மூடி ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். ஹாங்சோவில் ஒரு விலங்குக் காட்சி சாலை, ஆண்டு அனுமதி வைத்திருப்பவர்கள் முகத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்றது. குவோ பிங் என்ற சட்ட ஆசிரியர் 2019-இல் வழக்குப் போட்டார். அவருடைய முகப் பதிவை அழித்து இழப்பீடும் தரச் சொல்லி 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் வைக்கப்படும் தெருக் கேமராக்களுக்கு அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே உன் பயம் நியாயமானதுதான், மகளே. நம்மிடமும் 2023-இல் இயற்றிய இதே போன்ற சட்டம் இருக்கிறது. படித்து வை.

கேள்வி: என் மகன் வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். அங்கே அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? – ஒரு தாய், பெரம்பூர்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உணவு கொண்டுவரும் நிறுவனங்களில், நான் பார்த்தபோது மஞ்சள் சட்டை மெய்துவான், நீலச் சட்டை எலமா. நிமிடக் கணக்கில்தான் அங்கேயும் ஓட்டம். ஒரு நாள் லிஃப்டில் கூட்டம் இறங்கட்டும் என்று காத்திராமல் ஒரு பையன் படியேறியே எங்கள் தளத்துக்கு வந்தான். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பொட்டலத்தை இரு கைகளாலும் நீட்டி "துய்பூச்சி" என்றான். மன்னிக்க வேண்டுமாம். நேரம் தவறவில்லை என்று பேத்தி சொன்னாள்.

2020 செப்டம்பரில் ஒரு சீனப் பத்திரிகை, கணினி நிரல் இவர்களுடைய நேரத்தை எப்படிக் குறைத்துக்கொண்டே போகிறது, அதற்காக அவர்கள் எதிர்த் திசையிலும் சிவப்பு விளக்கிலும் எப்படி ஓட்டுகிறார்கள் என்று விரிவாக எழுதியது. நாடே கொதித்தது. உடனே எலமா, 'இன்னும் 5 நிமிடமோ 10 நிமிடமோ காத்திருக்கிறேன்' என்று வாடிக்கையாளர் அழுத்தும் பொத்தான் ஒன்றை அறிவித்தது. நிரலை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று மக்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாமும் இங்கே கேட்க வேண்டும்.

அண்ணா நகரில் நம் மாநகராட்சி 2025-இல் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. மகனிடம் சொல்லுங்கள். மந்தைவெளிப் பக்கம் வந்தால், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் வேப்பமரம் உள்ள வீட்டின் வாசலில் மண்பானையும் டம்ளரும் வைத்திருக்கிறேன். மணி அடிக்க வேண்டியதில்லை.