இந்தக் காலத்து மேஸ்திரி

ரங்கூனை அடுத்த சிரியத்திலிருந்து எழுதிய அக்காவுக்கு,

உங்கள் மெசேஜை இரண்டு தடவை படித்தேன். மகளுக்கு 19 வயது. பள்ளிப் படிப்புக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வு முடித்தாயிற்று, ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5. கனடாவில் படிக்க ஆசைப்படுகிறாள். ரங்கூனில் ஒரு கன்சல்டன்ட் பர்மா பணத்தில் 60 லட்சத்துக்கு 'ஃபுல் பேக்கேஜ்' சொல்லியிருக்கிறார். பாதிப் பணத்தை இப்போதே கட்ட வேண்டும், கட்டினால் திரும்ப வராது. "கட்டலாமா சயாமா (டீச்சர்)?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வாரம் கட்ட வேண்டாம். ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று தெரியாமல் கட்ட வேண்டாம்.

நம் தாத்தாக்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பர்மாவுக்கு வந்ததே ஒரு ஏஜென்ட் மூலம்தான். அப்போது அவருக்குப் பெயர் மேஸ்திரி. ஊரில் முன்பணம் கொடுப்பார், கப்பல் ஏற்றுவார், துறைமுகத்திலோ அரிசி ஆலையிலோ சேர்த்துவிடுவார், அப்புறம் கூலியில் பிடித்துக்கொள்வார். மேஸ்திரி இல்லாமல் இங்கே வந்து இறங்கியிருக்கவே முடியாது என்று என் பாட்டி சொல்வார். அவரால் பட்ட கடனைப் பற்றியும் அதே மூச்சில் சொல்வார். ஏஜென்ட் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது இந்த இரண்டும்தான்.

முதலில் நாட்டைப் பார்த்துப் பேச வேண்டும், ஏனென்றால் வேலையே நாட்டுக்கு நாடு வேறு. சிங்கப்பூர் என்றால் மாணவர் பாஸுக்கு உங்கள் மகள் பெயரைக் குடிநுழைவுத் துறையின் 'சோலார்' தளத்தில் பதிவு செய்வது பள்ளிதான். மலேசியாவில் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஈ.எம்.ஜி.எஸ். அமைப்பு வழியாக விண்ணப்பிப்பது கல்லூரி. ஜப்பானில் விசாவுக்கு முன்னால் வேண்டிய தகுதிச் சான்றிதழுக்கு எழுதிக் கேட்பது பெரும்பாலும் அங்குள்ள மொழிப் பள்ளி. இந்த மூன்று நாட்டுக்கும் 'விசா வேலை' என்று யாராவது பெரிய தொகை கேட்டால், பள்ளி எப்படியும் செய்யப்போகிற வேலைக்கு உங்களிடம் இன்னொரு தடவை வாங்குகிறார் என்று அர்த்தம். அமெரிக்காவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2025 ஜூன் 9 முதல் பர்மா அவர்களுடைய முழுப் பயணத் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதை எந்த ஏஜென்ட்டாலும் உடைக்க முடியாது.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கதை வேறு. அங்கே விண்ணப்பத்தை மாணவரே போட வேண்டும், அதனால்தான் ஏஜென்டுக்கு இடம் வருகிறது. கனடாவின் சட்டம் இதில் தெளிவு. குடிவரவு ஆலோசனைக்குப் பணம் வாங்கும் உரிமை அங்குள்ள சட்டச் சங்கங்களில் உறுப்பினரான வழக்கறிஞர்களுக்கும் பாராலீகல்களுக்கும் (சட்டப் பணியாளர்கள்), கியூபெக் மாகாணத்து நோட்டரிகளுக்கும், கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவர்களுக்கும் மட்டும்தான். கல்லூரி என்றவுடன் படிக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 நவம்பரில் தொடங்கிய ஒழுங்குமுறை அமைப்பு அது. ஆலோசகர் ரங்கூனில் உட்கார்ந்திருந்தாலும் இதே விதிதான். அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். அந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. வேறொருவர் எண்ணைத் தன் கார்டில் அச்சடித்துக்கொண்டவர்களும் உண்டு. பதிவேட்டில் போட்டிருக்கும் ஈமெயிலுக்கே எழுதி, "இன்ன கட்டிடத்தில் இருப்பவர் நீங்கள்தானா?" என்று கேட்டுவிடுங்கள்.

"நான் கன்சல்டன்ட் இல்லை, எஜுகேஷன் ஏஜென்ட்" என்று அவர் சொன்னால், அதுவும் ஒரு தொழில்தான். அந்தக் கூலி கல்லூரியிடமிருந்து வருகிறது, அதில் தப்பு எதுவும் இல்லை. கல்லூரியில் சீட் வாங்கித் தரலாம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்லக் கூடாது. கமிஷன் எந்தெந்தக் கல்லூரியிடம் என்று நேராகவே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

கமிஷன் எப்படிப் பாதையை வளைக்கும் என்பதற்கு உங்கள் மெசேஜிலேயே சாட்சி இருக்கிறது. மகளுக்குக் குழந்தைகளோடு வேலை செய்யப் பிடிக்கும் என்கிறீர்கள், ஏஜென்ட் காட்டியதோ இரண்டு வருட பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமா. 2024 நவம்பர் 1 முதல் கனடா மாணவர் அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் டிகிரி அல்லாத படிப்பை முடித்துவிட்டு அங்கே வேலை அனுமதி கேட்டால், படித்த துறை அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். பொதுவான பிசினஸ் டிப்ளமா அதில் இல்லை. அந்தப் பட்டியலும் மாறுகிறது என்பதால், எந்தப் படிப்பாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கனடா அரசின் தளத்தில் நீங்களே ஒரு தடவை தேடிப் பார்ப்பது நல்லது. இரண்டு வருடப் பணத்தையும் கட்டி முடித்த பிறகு இது தெரிந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

சரி, பணத்துக்கு வருவோம். கனடா மாணவர் அனுமதிக்கு அரசு வாங்குவது 150 டாலர், கைரேகைக்கு 85. மொத்தம் 235 கனடா டாலர். 60 லட்சத்தில் இது எத்தனை பங்கு என்று வெளி மார்க்கெட் ரேட்டில் நீங்களே கணக்குப் போடுங்கள். இது தெரிந்தும் பலர் ஏஜென்டிடம் போவதற்கு உண்மையான காரணம், நம் கார்டு பெரும்பாலும் வெளிநாட்டுத் தளத்தில் வேலை செய்வதில்லை என்பதுதான். அதற்காக 60 லட்சம் கொடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தம்பியின் கார்டில் கட்டலாம். கார்டு யாருடையது என்று அவர்கள் பார்ப்பதில்லை. ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு வேறு. கியூபெக் தவிர மற்ற மாகாணங்களுக்குத் தனியாகப் போகும் மாணவர், படிப்புக் கட்டணமும் பயணமும் போக, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த கணக்கு இது. "பேங்க் பேலன்ஸ் நாங்கள் செட் பண்ணித் தருகிறோம்" என்ற வாக்கியம் இந்த இடத்தில்தான் வரும். அது காதில் விழுந்தவுடன் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் பொய் இருந்தால் ஐந்து வருடம் கனடாப் பக்கம் தலைவைக்க முடியாது. அந்தத் தடை ஏஜென்ட் மேல் விழாது, உங்கள் மகள் மேல்தான் விழும். என்னிடம் வந்த ஒரு பையனின் விண்ணப்பத்தில் அவனுக்கே தெரியாத ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. ஈமெயில், பாஸ்வேர்ட் எல்லாம் ஏஜென்ட் கையில் இருந்ததால் என்ன அனுப்பினார்கள் என்றே அவன் பார்க்கவில்லை. கனடாவில் படித்து முடித்த பஞ்சாப் மாணவர்கள் பலர் கொண்டுபோன சேர்க்கைக் கடிதமே போலி என்ற விவகாரம் 2023இல் வெடித்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு வந்தது.

ஆகவே விண்ணப்பக் கணக்கு மகளின் ஈமெயிலில், பாஸ்வேர்ட் மகளின் கையில். உதவி செய்பவர் யாராக இருந்தாலும், காசு வாங்காத மாமாவே ஆனாலும், அவர் பெயரைப் பிரதிநிதி படிவத்தில் எழுத வேண்டும். "என் பெயர் போட வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்று சொல்பவர் எதற்கு ஒளிகிறார்?

நம்மவர்களுக்கு உண்மையில் உதவி தேவைப்படும் இடம் விசாப் படிவமே இல்லை அக்கா, வீட்டுப் பேப்பர்தான். நேற்றுத்தான் ஒரு பெண்ணின் கோப்பை என் மேசையில் பரப்பிப் பார்த்தேன். வீட்டில் கூப்பிடுவது சாந்தி. மப்பொன்டினில் (அடையாள அட்டையில்) பர்மியப் பெயர், மா சண்டா வின். பாஸ்போர்ட்டில் அதே பெயர் ஆங்கிலத்தில், ஜி.இ.டி. சான்றிதழில் கடைசியில் ஒரு 'ஆர்' கூடுதலாக, சண்டார் வின். குடும்பப் பட்டியலில் அப்பா பெயர் 'உ மாவுங் மாவுங் (கா) முத்தையா'. அந்த 'கா' என்றால் 'என்கிற' என்று நமக்குத் தெரியும். மொழிபெயர்த்தவர் அதையும் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார். அதோடு நம் பெயரில் குடும்பப் பெயரும் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாவிட்டால், கனடா படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இதைத் தெரியாமல் பெயரைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் நிதானமாக உட்கார்ந்து சரிசெய்ய ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரும் நோட்டரியும் போதும்.

எப்போது உரிமம் பெற்ற ஆலோசகருக்குப் பணம் கொடுக்கலாம்? ஒரு தடவை விசா மறுக்கப்பட்டிருந்தால் நிச்சயமாகக் கொடுக்கலாம். மப்பொன்டின் நிறமும் ஒரு காரணம். 1982 குடியுரிமைச் சட்டத்தால் நம் வீடுகளில் ரோஸ் (முழுக் குடியுரிமை), நீலம் (இணைக் குடியுரிமை), பச்சை (விண்ணப்பித்துப் பெற்ற குடியுரிமை) மூன்றும் இருக்கின்றன. சில வீடுகளில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. எண்ணின் நடுவில் அடைப்புக்குள், முழுக் குடியுரிமையைக் குறிக்கும் 'நைங்' என்று இல்லாமல் 'ஏ' என்றோ 'ப்யு' என்றோ இருந்து, பாஸ்போர்ட்டிலேயே சிக்கல் இருந்தால், தெரிந்தவரிடம் காட்டிவிடுவது நல்லது. அப்போதும் பேக்கேஜ் வேண்டாம். ஒரு மணி நேர ஆலோசனை, இல்லாவிட்டால் நீங்கள் நிரப்பிய படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பது. இப்படித் தனித்தனியாகக் கூலி வாங்கும் ஆலோசகர்கள் ஆன்லைனில் இருக்கிறார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு, எது திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆலோசகர் வைத்தால் விசா சீக்கிரம் வரும் என்பது மட்டும் பொய். வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, 18 தாண்டிய பிள்ளைகள் இங்கிருந்து புறப்படுவதற்கான விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 'ஏர்போர்ட் செட்டிங்' உண்டு என்று சொல்லும் ப்வேசாவிடம் (தரகரிடம்) பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட் இலவசம் என்று கூப்பிட்டு எல்லை ஊரான மியாவடியின் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் கொண்டுபோய் அடைத்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சனிக்கிழமை மதியம் வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. மப்பொன்டின், குடும்பப் பட்டியல், பாஸ்போர்ட், ஜி.இ.டி. சான்றிதழ் எல்லாவற்றின் ஒரிஜினலும் வேண்டும். அவளுக்கென்று புதிதாக ஒரு ஈமெயில் திறந்துகொண்டு வரச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம். அந்த 60 லட்சம் பேப்பரையும் எடுத்து வாருங்கள், கையெழுத்துப் போடாமல்.